தென் ஸ்பெயினில் ஆறு நாள்: ஆங்கிலம் பேசினால் ஒரு யூரோ

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நமக்குத் திட்டம் போடாமல் எதுவும் ஓடாது. தொடக்கப்பள்ளியில் இருக்கும்போதே உயர்நிலைப்பள்ளிக்குத் திட்டம், தொடக்கக் கல்லூரியில் இருக்கும்போதே பல்கலைக்கழகத்துக்குத் திட்டம், காதல் வந்த மறுமாதமே வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கத் திட்டம்! சுற்றுலாவுக்குக்கூட எக்செல் தாளில் மணிவாரியாக அட்டவணை போட்டால்தான் தூக்கம் வரும். அப்படிப்பட்ட நான்கு பேர், ஓர் அட்டவணையும் இல்லாமல் தென் ஸ்பெயினில் ஆறு நாள் காரில் சுற்றினோம் என்றபோது வீட்டில்கூட முதலில் நம்பவில்லை.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் நாங்கள் மட்ரிட் நகரில் ஒரு பருவம் படித்துக்கொண்டிருந்தோம். மார்ச் மாதம் சில நாள் விடுமுறை கிடைத்தது. தெற்கே மலாகா வரை இரயில், அங்கிருந்து மலிவு விமானத்தில் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரம் என்பது ஏற்பாடு. ஒட்டகச் சவாரி உட்பட எல்லாம் அட்டவணையில் இருந்தது. மலாகா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபிறகு, பறப்பு ரத்து என்று பலகை சொன்னது. அடுத்த இடம் நான்கு நாள் கழித்துத்தான் என்று முகப்பில் சொன்னார்கள். நான்கு பைகளும் நான்கு முகங்களும் சிறிது நேரம் தரையில் கிடந்தன.

என்னுடன் வந்த மூவரும் “பெயர் மட்டும் போடாதே” என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் படிப்பையே பெயராக வைத்துவிடுகிறேன். பொறியியல்: தேசிய சேவையில் இரண்டாண்டு வண்டி ஓட்டியவன், நல்லவேளையாக அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் கையில் வைத்திருந்தான். வணிகம்: எங்கள் நிதியமைச்சர், சைவம். வரலாறு: ஸ்பானிய மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசத் தெரிந்த ஒரே ஆள். நான் கணினித்துறை. வழிகாட்டும் கைப்பேசியை மடியில் வைத்திருந்த பெருமை மட்டும் எனக்குரியது.

“ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கிட்டு எங்கயாவது போவோம்” என்றது வணிகம். வாடகைக் கார் முகப்பில் இருந்தவர் காப்புறுதிக்கு மேல் காப்புறுதியாக அடுக்கிக்கொண்டே போனார். அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசினார். எனவே, “முகத்துல எதையும் காட்டிக்காம பேசுங்க. இது நமக்கு வேணுமா, வேணாமா?” என்று வணிகம் தமிழுக்கு மாறியது. எங்கள் மாநாடு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. தேவையானதை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அந்த வெற்றியின் சூட்டில் வணிகம் ஒரு சட்டம் போட்டது. காருக்குள் தமிழ் மட்டுமே. ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஒரு யூரோ அபராதம். தமிழில் சொல்லே இல்லாதவற்றுக்கு விலக்கு. அதை முடிவுசெய்யும் நடுவர், வரலாறு.

முதல் ஒரு மணி நேரத்தில் பொறியியல் ஆறு யூரோ இழந்தான். “ஓகே”, “சாரி”, “வெயிட்” என்று காசு உதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, மாலை ஐந்து மணிக்கு ரோண்டா ஊரை அடைந்தோம். ஊரை இரண்டாகப் பிளக்கும் மலைப்பிளவு. அதன்மேல் 1793-இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 100 மீட்டர் உயரமான கல் பாலம். எட்டிப் பார்த்தால் வயிறு கூசுகிறது. பொறியியல் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமி, “காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்” என்றான். மாலை ஐந்து மணிக்கு!

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்தவன் அவன். சாதாரண நிலைத் தேர்வில் நல்ல தேர்ச்சி. அவன் கைவசம் இருந்த தமிழ், கட்டுரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த தமிழ். “இந்தப் பாலத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது” என்று சொல்வதற்கான தமிழை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் செவில். வீதியெங்கும் ஆரஞ்சு மரங்கள், பல்லாயிரக்கணக்கில். பழம் பறிக்கும் காலம் முடியும் தறுவாயில் இருந்ததால், சில மரங்களில் மட்டும் மிச்சப் பழங்கள் தொங்கின. இவ்வளவு பழமிருந்தும் யாரும் பறித்துத் தின்பதில்லை. காரணம், அது கசப்பு ஆரஞ்சு. பிரிட்டனில் காலை ரொட்டிக்குத் தடவும் மார்மலேடு இந்தப் பழத்தில்தான் பெயர் பெற்றது. கீழே கிடந்த ஒன்றைக் கீறி முகர்ந்ததும் எங்கள் பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது. நாரத்தை! ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்குப் பெயர் நரான்ஹா. அது அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, பாரசீகத்துக்கு வடமொழியிலிருந்து. அதற்கும் முன்னால் ஒரு திராவிட மொழியில் கிளம்பியிருக்க வேண்டும் என்று சொற்பிறப்பு அகராதிகள் பல கூறுகின்றன. தேக்காவில் புட்டியில் வாங்கும் நாரத்தங்காயின் உறவுக்காரி செவில் வீதியில் நிற்கிறாள் என்று நடுவர் அறிவித்தார். ஆகவே “நரான்ஹா” என்ற சொல்லுக்கு அபராதம் கிடையாது என்றும் தீர்ப்பானது.

அன்று வணிகத்துக்கும் நல்ல நாள். பன்றி இறைச்சி இல்லாத உணவைத் தேடி அலைந்தவளுக்கு, செவிலின் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த பதார்த்தம் கிடைத்தது. ஒரு வாய் வைத்தவள் “சீரகம் போட்டிருக்காங்கடி!” என்று கூவினாள். இரண்டு மாதமாகச் சீரக வாசனையே இல்லாமல் கிடந்தவர்களுக்குத்தான் அந்தக் கூவலின் அருமை தெரியும். பிறகு கிரால்டா கோபுரத்தில் ஏறினோம். 12-ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலின் கோபுரமாக எழுந்து, இன்று தேவாலயத்தின் மணிக்கூண்டாக நிற்பது. உள்ளே பெரும்பாலும் படிகளே இல்லை. 35 சரிவுப் பாதைகள் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக அப்படி அமைத்தார்களாம். மேலிருந்து பார்த்தால் குவாதல்கிவீர் ஆறு தெரிகிறது. அந்தப் பெயரும் அரபிதான். “பெரிய ஆறு” என்று பொருள்.

அதற்குப் பிறகு சாலைப் பலகைகளே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டன. 711-இல் வந்த முஸ்லிம் ஆட்சி இந்தத் தென்பகுதியில் 1492 வரை நீடித்தது. கடைசியில் கிரனாடா வீழ்ந்ததோடு அது முடிந்தது. ஆனால் “குவாத்” என்று தொடங்கினால் பெரும்பாலும் ஓர் ஆறு. “அல்” என்று தொடங்கினால் பெரும்பாலும் ஓர் அரபுச் சொல். சர்க்கரை அசூகார், எண்ணெய் அசெய்தே, விடுதியில் தலையணை கேட்டபோது கற்றுக்கொண்ட அல்மோஹாடா, எல்லாமே அரபி. “அப்படி நடந்தால் நல்லது” என்னும்போது ஸ்பானியர் சொல்லும் ஓஹலாவில் இறைவனின் அரபுப் பெயர் ஒளிந்திருக்கிறது. இதற்கிடையே பெரிய வழக்கு ஒன்று வந்தது. நான் “ரவுண்டானா” என்று சொன்னது ஆங்கிலம் என்று பொறியியல் வாதிட்டான். “தமிழ்நாட்டில் எல்லாரும் வாயில் போட்டு மென்று தமிழாக்கிவிட்டார்கள். எப்படி அசூகார் ஸ்பானியமோ, அப்படி ரவுண்டானா தமிழ்” என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

மூன்றாம் நாள் கோர்தோபா. 8-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பெரும் பள்ளிவாசலில் இன்றும் 856 தூண்கள் நிற்கின்றன. சிவப்பும் வெள்ளையுமாய் வளைவுகள் காடுபோல் விரிகின்றன. அந்தக் காட்டின் நடுவே 16-ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயத்தை எழுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து கிரனாடா வரை வழியெல்லாம் ஒலிவ மரங்கள். குன்று குன்றாக, வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மரம். ஜொகூரைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது செம்பனை இப்படித்தான் ஓடிவரும். உலகில் மிக அதிகமாக ஒலிவ எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின் என்பதை நம்ப வேறு புள்ளிவிவரம் தேவைப்படவில்லை.

கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு பல நாளுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். திட்டமில்லாத யாத்திரிகர்களான எங்களுக்கு அரண்மனையின் உட்பகுதி கிட்டவில்லை. ஆனால் கோட்டையின் சில பகுதிகளுக்குக் கட்டணமில்லை. 1348-இல் கட்டப்பட்ட நீதி வாயில் வழியாக உள்ளே போனோம். வாயிலின்மேல் அரபு எழுத்துகள் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருந்தன. உள்ளேயுள்ள அரண்மனைச் சுவர்களிலும் நீரூற்றுகளிலும் இப்னு ஸம்ரக் போன்ற புலவர்களின் கவிதைகளையே பொறித்திருக்கிறார்கள் என்று வரலாறு சொன்னாள். எங்களைச் சுற்றி நின்ற கூட்டம் படமெடுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் எடுத்தோம். அழகான பூவேலைப்பாட்டைப் படமெடுப்பதுபோல!

அப்போது ஒரு குடும்பம் வந்து நின்றது. தலையை முக்காடிட்ட ஒரு பாட்டி, மகன், இரண்டு பேரப்பிள்ளைகள். பாட்டி அண்ணாந்து பார்த்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பேத்தி அவரது விரலைத் தொடர்ந்து தானும் ஒரு சொல்லைச் சொன்னது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று வரலாறு கேட்டபோது, மொரோக்கோ என்றார் மகன். நாங்கள் போகவேண்டியிருந்த ஊர்! அதுவரை பூவேலையாக இருந்த சுவர் அந்தப் பாட்டியின் குரலில் பேச்சானது. கட்டியவர்கள் எழுதிவைத்தது அப்படியே இருக்கிறது. வாசித்துக் காட்டத்தான் கடல் தாண்டி ஆள் வர வேண்டியிருந்தது.

அன்றிரவு விடுதியில் வரலாறு மற்றதையும் சொன்னாள். கிரனாடா வீழ்ந்தபின் சில ஆண்டுகளிலேயே, நாங்கள் மாலையில் சூடான சாக்லெட் குடித்த பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் அரபு நூல்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். மக்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினார்கள். 1567-இல் அரசாணை வந்தது: மூன்றாண்டுக்குள் எல்லாரும் காஸ்தீலிய மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதன்பின் அரபு பேசவோ எழுதவோ கூடாது, வீட்டுக்குள்ளும்கூட. பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலேய் என்ற முதியவர், இது நடக்கிற காரியமா என்று அதிகாரிகளுக்கு நீண்ட விண்ணப்பம் எழுதினார். பயனில்லை. 1568-இல் மலைக்கிராமங்கள் கிளர்ந்தெழுந்தன, 1571-க்குள் அடக்கப்பட்டன. 1609 முதல் 1614 வரை அவர்களின் வழிவந்த சுமார் 300,000 பேரை ஸ்பெயின் நாடு கடத்தியது.

அந்த மலைக்கிராமங்களுக்கே போவோம் என்று ஒருமனதாக முடிவானது. ஐந்தாம் நாள், பனி மூடிய சியரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் அல்புஹாரா வட்டாரத்துக்குள் நுழைந்தோம். பம்பனேய்ரா என்ற ஊருக்கு அருகே வண்டியை ஓரமாக நிறுத்தினோம். தட்டைக் கூரையுடன் வெள்ளை வீடுகள். பாதையோரம் சலசலவென்று ஓடும் நீர். மண்வெட்டியோடு ஒரு பெரியவர் மடை திறந்துகொண்டிருந்தார். அந்த நீர்வழிக்குப் பெயர் அசேக்கியா என்றார். அதுவும் அரபுச் சொல்தான். பனி உருகிய நீரைச் சரிவு பார்த்து வளைத்து வயலுக்குக் கொண்டுவரும் இந்த அமைப்பு, முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் இங்கே வேரூன்றியது. வெட்டியவர்களைத் துரத்திவிட்டார்கள். குடியேறி வந்தவர்களுக்கும் நீர் வேண்டுமே! அதனால் வாய்க்காலை வைத்துக்கொண்டார்கள். வாய்க்காலோடு சொல்லும் தங்கிவிட்டது.

நீங்கள் உங்களுக்குள் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று பெரியவர் கேட்டார். தமிழ் என்றோம். இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று நீரைக் காட்டினார். வரலாறு மண்ணில் குச்சியால் “வாய்க்கால்” என்று எழுதிக் காட்டினாள். பொறியியல் மெதுவாக என் காதருகே, “வாய்க்கால்னா என்னா? லோங்காங்கா?” என்றான். அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே ஓடும் லோங்காங்கைத் தவிர வேறு நீர்வழியை அவன் எங்கே பார்த்தான்? பெரியவர் அந்த எழுத்துகளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “அழகாக இருக்கிறது” என்றார். முந்தைய நாள் அல்ஹம்ப்ரா வாயிலில் நாங்கள் சொன்ன அதே சொல். எனக்குச் சுருக்கென்றது.

மேலும் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் திரெவேலெஸ் என்ற ஊர். அதைப் பார்த்துவிடலாம் என்றான் பொறியியல். இருட்டத் தொடங்கிவிட்டது, மேகம் சாலையில் இறங்கிவிட்டது, ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். திரும்பிவிடலாம் என்றாள் வணிகம்.

“ஓட்டுறது நான்தானே? எனக்குத் தெரியாதா?”

“நீ காலையிலிருந்து ஓட்டுற. கண்ணு சிவந்து கிடக்கு. உன் வீரத்த நாளைக்குக் காட்டு.”

“பயமா இருந்தா கண்ண மூடிக்க!”

“நான் கண்ண மூடுவேன்டா, நீயும் மூடிட்டா என்ன பண்றது?”

இப்படியே ஐந்து நிமிடம். நானும் வரலாறும் மூச்சுவிடவில்லை. கடைசியில் அவன் அகலமான ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினான். நீண்ட அமைதி. பிறகு பின்னிருக்கையிலிருந்து நடுவரின் குரல் வந்தது: “இரண்டு தரப்பிலும் ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லை. அபராதம் பூஜ்யம்.”

நால்வரும் வெடித்துச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே பொறியியல் சொன்னான்: “எங்க வீட்ல அப்பாவும் அம்மாவும் அவங்களுக்குள்ள தமிழ்லதான் பேசுவாங்க. என் பக்கம் திரும்புனா இங்கிலீஷ். நான் பரீட்சையில கஷ்டப்படக்கூடாதுன்னு சின்ன வயசுலயே அப்படி ஆரம்பிச்சாங்க. எல்லாமே எனக்குப் புரியும். ஆனா என்கிட்ட யாரும் பேசுனதில்ல. இந்த அஞ்சு நாளாத்தான்...” முடிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பம்பனேய்ராவுக்கே இறங்கினோம். திரெவேலெஸை நாங்கள் பார்க்கவில்லை. “பரீட்சை” தமிழாகிவிட்டது, “ஸ்டீயரிங்” விலக்குப் பட்டியலில் இருக்கிறது, “இங்கிலீஷ்” என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு யூரோ என்று நடுவர் அறிவித்தார். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

மறுநாள் மலாகாவில் கணக்குப் பார்த்தோம். மொத்த அபராதம் 61 யூரோ. முதல் நாள் 23. கடைசி நாள் 2.

நண்பர்களே, இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010-இல் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3 விழுக்காடு. தமிழை அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். இத்தனைக்கும் தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. பள்ளியில் பாடம், வானொலியில் நிகழ்ச்சி, நாணயத்தில் எழுத்து எல்லாம் உண்டு. யாரும் நம் நூல்களைக் கொளுத்தவில்லை; வீட்டுக்குள் தமிழ் பேசாதே என்று எந்த அரசாணையும் வரவில்லை. கிரனாடாவில் மூன்றாண்டுக் கெடு வைத்துச் செய்ததை, நாம் பிள்ளையின் தேர்வை எண்ணி அன்போடு செய்துகொண்டிருக்கிறோம்.

வரலாறு சொன்ன இன்னொரு செய்தி என்னை விடவில்லை. தடைக்குப் பிறகும் சில குடும்பங்கள் அரபு எழுத்தைக் கைவிடவில்லை. ஆனால் பேச்சு மறந்துவிட்டதால், ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதிவைத்தார்கள். அல்ஹமியாதோ என்று அதற்குப் பெயர். 1884-இல் வடக்கே அரகோன் வட்டாரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, தரைக்கடியில் ஒளித்துவைத்த அத்தகைய சுவடிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவர்கள் பேச்சை இழந்து எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பாருங்கள். தமிழ்ப் பேச்சு ஆங்கில எழுத்தில் ஓடுகிறது. நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து கழற்றிக்கொண்டு வருகிறோம்.

ஆறு நாளில் நான் கண்டது இதுதான். சுவரில் இருந்த அரபிக்கு மரியாதை கிடைத்தது. வாய்க்காலில் இருந்த அரபி பிழைத்தது. அதற்குத் தினமும் வேலை இருந்தது. தமிழுக்கும் நாம் வேலை கொடுக்க வேண்டும். வழி சொல்ல, விலை பேச, சண்டை போட, சமாதானமாக. அதற்குத் தமிழ் மாதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பொறியியல் ஊர் திரும்பியதும் அம்மாவிடம், தன்னிடமும் தமிழில் பேசச் சொல்லியிருக்கிறான். அம்மா முதலில் சிரித்தாராம், பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகும் காரில் இப்போது அந்த வீட்டிலும் எங்கள் சட்டம் அமலில் இருக்கிறது. அவன் இன்னும் தடுமாறுகிறான். அப்பாதான் அதிக அபராதம் கட்டுகிறாராம்!

பேரவைக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் ஒரு காரிலோ, ஒரு சாப்பாட்டு மேசையிலோ, ஒரு வாட்ஸ்அப் குழுவிலோ தொடங்கிப் பாருங்கள். ரவுண்டானாவுக்கு விலக்கு உண்டு. அபராதக் கணக்கை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் வணிகத்தை அணுகவும். அவள் ஒரு எக்செல் தாளே வைத்திருக்கிறாள்.